கையெழுத்து வாங்க மட்டும் தமிழா?

நம் குழுவோடு நெடுநாள் தொடர்பிலிருக்கும் நண்பர் ஒருவர் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய பகுதியில் பணிபுரிகிறார். திரேஸ்புரம் பக்கத்திலிருந்து சங்கு குளிக்கப் போகிறவர்கள் காதில் சீழ், ஓயாத இரைச்சல், கேட்கும் திறன் குறைவு, தலைசுற்றல் என்று அவரிடம் வருவதுண்டு. மூன்றாண்டுகள் பொறுமையாக அவர்களுடைய செவிப்பறைகளைச் சோதித்துக் குறிப்பெடுத்தார். அறநெறிக் குழுவின் அனுமதி பெற்று, தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்டி, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, முறை தவறாமல் செய்த வேலை அது. பிறகு ஆங்கிலத்தில் கட்டுரையாக்கி, தம் துறைக்குரிய வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. கட்டுரை வட்டார முக்கியத்துவம் மட்டுமே உடையது. எனவே மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பப்படவில்லை. வேறு விளக்கம் இல்லை. அதே மாதத்தில், முன்பு ஏதோ ஒரு மாநாட்டுச் சுருக்கத்திலிருந்து அவர் முகவரியைப் பொறுக்கியெடுத்த வேறு பல ‘சர்வதேச’ இதழ்கள் ‘கிரீட்டிங்ஸ் ஆஃப் த டே, மேன்மைமிகு பேராசிரியரே’ என்று எழுதலாயின. மூன்றே நாளில் மதிப்பீடு, ஏழாம் நாள் பிரசுரம், கட்டணம் இத்தனை டாலர். நண்பர் இரண்டையும் மூடிவைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் பெரியவர் ஒருவர் வந்து, “டாக்டரய்யா, அன்னைக்கு ஒரு காகிதத்துல ஒப்பம் வாங்குனீங்களே, அது என்னாச்சு?” என்று கேட்டிருக்கிறார். நண்பரிடம் பதில் இல்லை. நம்மிடம் இதைச் சொன்னபோது இதழ் திருப்பியனுப்பியதைவிட அந்தக் கேள்விதான் அவரை அதிகம் வருத்தியிருந்தது.

மருத்துவ ஆய்விதழுக்குக் கைப்பிரதி அனுப்பும் சங்கடங்கள் மருத்துவர்களின் உள்விவகாரம். கதையும் கவிதையும் பேசுகிற இந்தப் பக்கத்தில் இது எதற்கு என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். எழுதப்படுவது எது, யாரால், எந்த மொழியில், யாருக்காக என்ற நான்கு கேள்விகள்தாம் இலக்கியத்தின் அடிப்படைக் கேள்விகள் என்று நாம் ஓயாமல் சொல்லி வருகிறோம். அந்தக் கேள்விகளைச் சிறுகதைக்கு மட்டும் கேட்டுவிட்டு மருத்துவக் கட்டுரையை விட்டுவிடுவதற்கு நியாயம் ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. மேலும், தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை உள்விவகாரம் என்று ஒதுக்குவது இயலாத காரியம்.

காரணம் கண்முன்னே இருக்கிறது. தாமிர உருக்காலையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள் மூச்சுத்திணறலையும் தோல் எரிச்சலையும் பற்றி ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தனர். அவர்களை நோக்கித் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: ஆதாரம் எங்கே? 2018 மே 22, 23 தேதிகளில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2020 ஆகஸ்ட் 18 அன்று சென்னை உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றமும் ஆலைத் தரப்பின் வேண்டுகோளை ஏற்க மறுத்தன. இந்த வழக்கின் நியாயங்களுக்குள் இங்கே நாம் புகவில்லை. நாம் சுட்ட விரும்புவது ஒன்றைத்தான். தன் உடம்பைப் பற்றி ஏழை சொல்லும் சாட்சியத்தை இக்காலம் அப்படியே ஏற்பதில்லை. அது அளக்கப்பட்டு, அட்டவணையாகி, வல்லுநர் இருவரோ மூவரோ படித்து ஒப்பி, அச்சேறினால்தான் அதற்கு ‘ஆதாரம்’ என்று பெயர். ஆகவே ஒரு வட்டாரத்து மருத்துவர் என்ன எழுதுகிறார், அது எங்கே போய்ச் சேர்கிறது என்பது அவருடைய பதவி உயர்வோடு முடிந்துவிடும் சங்கதியன்று. அந்த வட்டாரத்து மக்களின் சாட்சியம் அவர் கையில் இருக்கிறது.

துறைவல்லுநர் மதிப்பீடு என்ற ஏற்பாட்டின் மீது நமக்குப் பகையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் வணிகர்கள் முத்துகளைப் ‘பெட்டி’ எனப்பட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்தார்கள். 20 துளை உள்ளது முதல் 1000 துளை உள்ளது வரை பத்துச் சல்லடைகள். அதன் பிறகே வடிவமும் ஒளியும் பார்த்துத் தரம் பிரித்தார்கள். சலிக்காத முத்துக்கு விலை சொல்ல முடியாது. மருத்துவக் கட்டுரைக்கும் சல்லடை வேண்டும். தவறான மருத்துவக் கட்டுரை ஆளைக் கொல்லும். தட்டம்மைத் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட கட்டுரையை ‘லான்செட்’ 1998இல் வெளியிட்டு 2010இல்தான் முற்றாகத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் விளைந்த கேடு இன்னும் தீரவில்லை. சல்லடை கிழிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும்.

சல்லடை ஒழுங்காக இருந்து, கட்டுரையும் ஒழுங்காக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுகள் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நகரத்து ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. சத்தான உணவும் ஓய்வும் காற்றோட்டமும் இல்லாத வீடுகளிலும் நோய் ஏறக்குறைய அதே அளவு குணமாயிற்று. 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் அக்கட்டுரை வந்தபின், காசநோயாளியை ஆண்டுக்கணக்கில் மலைவாசத்துக்கு அனுப்பும் வழக்கம் உலகெங்கும் தேயத் தொடங்கியது. சென்னைக் குடிசைகளின் உண்மை ஜெனீவா வழியாக உலகத்தின் மருத்துவத்தை மாற்றியது.

இன்னொன்று. மராட்டியத்தின் ராய்கட் மாவட்டத்தில் மஹாட் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமொன்றில் பணியாற்றிய ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டி இறந்துகொண்டிருந்த குழந்தைகளின் படுக்கையருகே உட்கார்ந்து குறிப்பெடுத்தார். 1982இல் அவர் எழுதியது ‘லான்செட்’டில் வந்தது. பிராசோசின் என்ற மாத்திரையின் பயனைப் பற்றி 1986இல் மீண்டும் எழுதினார். அந்தச் சிகிச்சை பரவியபின் தேள்கடி மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. கொங்கணத்துக் குழந்தைகளின் நோயை ‘வட்டார முக்கியத்துவம்’ என்று அப்போது யாரோ ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நமக்கு நெருக்கமான மூன்றாவது சான்று ஒரு சிறப்புத்துறை இதழ். ஜேக்கப் சாண்டி, பி. ராமமூர்த்தி, எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகிய நால்வர் 1951இல் சென்னையில் இந்திய நரம்பியல் கழகத்தைத் தொடங்கினார்கள். கழகத்துக்கென்று ‘நியூராலஜி இந்தியா’ என்ற இதழ் பிறந்தது. தென்னிந்திய இளைஞர்களிடம் காணப்பட்ட வித்தியாசமான ஓர் இயக்க நரம்புச் செல் நோயைச் சென்னை மருத்துவர்கள் 1970இல் அந்த இதழில்தான் விவரித்தார்கள். இன்று அந்நோய் உலகப் பாடநூல்களில் சென்னையின் பழைய பெயரோடு இருக்கிறது. சொந்த இதழ் நடத்த ஆள் இருந்ததால் சொந்த ஊரின் நோய்க்குப் பெயர் கிடைத்தது.

இப்படியெல்லாம் நடந்த நாட்டில் இன்று நிலைமை என்ன? நமது முதல் குற்றச்சாட்டு, கட்டுரைகளை எண்ணுகிறவர்கள் மீது.

மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பதவி உயர்வு பெற இத்தனை கட்டுரைகள் வேண்டும் என்று விதித்தார்கள். 2015இல் அன்றைய இந்திய மருத்துவக் கவுன்சில் விட்ட சுற்றறிக்கை, முதலிரண்டு பெயர்களுக்குள் வரும் ஆசிரியர்களுக்கே மதிப்பெண் என்றது. மின்னிதழில் மட்டும் வெளிவருவது கணக்கில் சேராது என்றது. கட்டணம் வாங்கி எதையும் போடும் இதழ்களும் நுழைந்துவிடக்கூடிய அட்டவணையை ஏற்புடையது என்று சேர்த்தது. 2016இல் இந்திய மருத்துவ இதழாசிரியர்கள் சங்கத்தின் சார்பில் இதைக் கண்டித்து எழுதிய தலையங்கம் பல இதழ்களில் ஒரே சமயத்தில் வெளிவந்தது. விதிகள் பின்னர் திருத்தப்பட்டன; கவுன்சில் போய் 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. எண்ணும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இந்தக் கரையில் இதற்கு ஒரு பழைய உவமை கிடைக்கிறது. முத்துக்குளிப்பில் அரசின் பங்காக வந்த சிப்பிகளைத் திறந்து பார்க்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்பது வாங்குபவன் தலையெழுத்து. தூத்துக்குடியில் 1961இல் முடிந்துபோன அந்த ஏலம் இன்று நேர்காணல் அறைகளில் நடக்கிறது. கட்டுரைகள் எத்தனை என்று கேட்கிறார்கள். திறந்து படிப்பவர் இல்லை. சிப்பி ஏலமாவது சூதாட்டம் என்று எல்லோருக்கும் தெரிந்தே நடந்தது.

எண்ணிக்கை வேண்டும் என்று ஒரு கூட்டத்தை நெருக்கினால் எண்ணிக்கை விற்கும் கடை தோன்றாமல் இருக்காது. 2013இல் ‘சயின்ஸ்’ இதழின் செய்தியாளர் ஜான் போஹானன், வேண்டுமென்றே பிழைகளைப் பொதிந்த ஒரு போலிக் கட்டுரையை 304 திறந்தவெளி இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் மிகுதியான இதழ்களுக்கு இருப்பிடம் இந்தியா. இது நாம் தலைகுனிய வேண்டிய கணக்கு. பெயர் பெற்ற பெரும் பதிப்பகங்களும் தப்பவில்லை: வைலியின் கிளையான ஹிந்தாவி 2023இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. நம் நண்பருக்குக் ‘கிரீட்டிங்ஸ்’ எழுதியவர்கள் இந்தச் சந்தையின் சில்லறை வியாபாரிகள். மொத்த வியாபாரத்தைத் திறந்துவைத்தது விதி எழுதியவர்கள்.

இளம் மருத்துவர்களை இங்கே நாம் குறை சொல்ல வரவில்லை. காலையில் புறநோயாளிப் பிரிவில் நூறு பேரையும் மாலையில் அறுவை அரங்கையும் பார்த்துவிட்டு, ஆய்வு செய்ய நேரமோ பணமோ சொல்லித்தர ஆளோ இல்லாத ஒருவரிடம் ‘கட்டுரை கொண்டுவா’ என்றால் அவர் எதைக் கொண்டுவருவார்? ஒப்புக்கு ஒன்று கொண்டுவருவார். அந்த ஒப்புக் கட்டுரைகளின் குவியலுக்கடியில், கொண்டுவந்தே ஆக வேண்டிய கட்டுரை புதைந்துபோகிறது என்பதுதான் நம் ஆத்திரம்.

இரண்டாவது குற்றச்சாட்டு, ‘வட்டார முக்கியத்துவம்’ என்ற சொற்றொடரைக் கையாளும் மேலை இதழ்கள் மீது.

கடலில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இருபது மீட்டரில் செவிப்பறை தாங்குவது கரையில் தாங்குவதைப் போல் மும்மடங்கு. மூச்சடக்கி இறங்குகிறவருக்குக் காது முதல் பலி. காற்றுக்குழாயோ உருளையோ வைத்து நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலேறுகிறவருக்கு, இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழாகி மூட்டையும் முதுகுத்தண்டையும் தாக்கும். பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878இலேயே இதை விளக்கிவிட்டார். இந்த இயற்பியல் எல்லாக் கடலுக்கும் ஒன்று. அப்படியிருக்க ஒரு கரையின் காது உலகச் செய்தியாகவும் இன்னொரு கரையின் காது வட்டாரச் செய்தியாகவும் ஆவது எப்படி?

பசிபிக் பெருங்கடலில் துவாமோத்து என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. அங்கே முத்துச்சிப்பிக்காக ஒரே நாளில் பலமுறை மூச்சடக்கி ஆழம் போகிறவர்களுக்குத் தலைசுற்றலும் பக்கவாதமும் சில வேளை மரணமும் நேர்வதுண்டு. தீவுமக்கள் அதற்கு ‘தாராவனா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பித்துப்பிடித்தாற்போல் விழுதல் என்பது பொருள். கிராஸ் என்பவர் 1965இல் அதே பெயரில் அந்நோயை எழுதினார். ஜப்பானின் ‘ஆமா’ பெண்களின் மூச்சடக்கு நீச்சலைப் பற்றி அமெரிக்க அறிவியல் கழகம் வெளியிட்ட கருத்தரங்கத் தொகுதியில் அக்கட்டுரை இருக்கிறது. இன்று உலகில் எந்த ஆழ்கடல் மருத்துவ நூலைத் திறந்தாலும் ‘தாராவனா’ உண்டு. ஒரு சின்னத் தீவின் சொல் மருத்துவச் சொல்லாயிற்று. யாரோ ஒருவர் அவர்கள் சொல்லைக் கேட்டு எழுதினார், யாரோ ஒருவர் அதை வட்டாரச் செய்தி என்று தள்ளாமல் அச்சிட்டார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கொற்கையின் முத்து சங்க காலத்திலிருந்தே புகழ் பெற்றது. அந்த முத்தை எடுத்தவனின் காது என்ன ஆனது? மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி ஏன் திடீர் திடீரென்று காணாமல் போகிறது என்று ஆராய இலங்கைக் குடியேற்ற அரசு ஹெர்ட்மனை அழைத்தது. ஜேம்ஸ் ஹார்னெல் துணை நிற்க அவர் எழுதிய அறிக்கையை 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக இலண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்டது. சிப்பியின் உடலைக் குடையும் புழுக்கள் முதற்கொண்டு அதில் பேசப்பட்டன. அரிய உழைப்பு, மறுக்கவில்லை. சிப்பி செத்தால் வருவாய் போகும். ஆகவே சிப்பிக்கு ஐந்து தொகுதி. குளிப்பவனின் செவிப்பறை கிழிந்தால் அடுத்த படகில் இன்னொருவன் வருவான். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவர் அந்தச் செவிப்பறையைப் பார்த்து எழுதினால், பத்து நாளில் இரண்டு வரியில் திரும்பி வருகிறது.

நம் கட்டுரைகளில் குறையே இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாமல், புள்ளியியல் பலவீனமாக, ஆங்கிலம் தடுமாறி எழுதப்பட்டவை பல. அவற்றைக் காரணம் சொல்லித் திருப்பியனுப்பட்டும், அதனால் கற்றுக்கொள்ளலாம். காரணம் சொல்லாமல் ஊர்ப்பெயரைப் பார்த்துத் திருப்புவதைத்தான் எதிர்க்கிறோம். ஏற்றுக்கொண்டாலும் ஆயிரக்கணக்கான டாலர் பிரசுரக் கட்டணம் என்று நீட்டுகிற கையையும் சேர்த்துத்தான். இதே இதழ்களைப் படிப்பதற்காக நம் அரசு 2024 நவம்பரில் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. எழுதவும் நாமே கொடுக்கிறோம், படிக்கவும் நாமே கொடுக்கிறோம்.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வருகிறோம். நம்மைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. இதில் குற்றவாளிகள் வெளியூர்க்காரர்கள் இல்லை.

ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்காத ஆய்வை எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. நல்ல விதி. ஆனால் அந்தக் கையெழுத்தோடு தமிழின் வேலை முடிந்துபோகிறது. செவிப்பறை அளவுகள் ஆங்கில அட்டவணையாகி, ஆங்கிலக் கட்டுரையாகி, சந்தாச் சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கின்றன. எத்தனை மீட்டருக்குமேல் இறங்கினால் என்ன ஆகும், சளி பிடித்திருக்கும்போது ஏன் குளிக்கக் கூடாது, காதில் சீழ் வடியும்போது எத்தனை நாள் கரையில் இருக்க வேண்டும் என்று கட்டுரை கண்டுபிடித்தது எதுவும் காதைக் கொடுத்தவருக்கு வந்து சேர்வதில்லை. உடம்பைக் கேட்கும்போது தமிழ் வேண்டியிருந்தது. முடிவைச் சொல்லும்போது வேண்டாததாகிவிட்டது.

இது கருணை சார்ந்த கோரிக்கை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். மருத்துவ ஆய்வுக்கு வேதம்போல் கொள்ளப்படும் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் உருவானது. ஆய்வின் பொதுவான முடிவுகளை அறிந்துகொள்ளும் வாய்ப்பு பங்கேற்றவர்கள் அனைவருக்கும் தரப்பட வேண்டும் என்று அதன் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்திலும் அக்கடமை தொடர்கிறது. ஒவ்வொரு கட்டுரையின் அடியிலும் ‘இவ்வாய்வு ஹெல்சிங்கிப் பிரகடனத்தின்படி நடத்தப்பட்டது’ என்று ஒரு வரி எழுதுகிறார்கள். அந்த வரி உண்மையாக வேண்டுமானால் பெரியவரின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

உடனே வரும் மறுப்புகள் நமக்குத் தெரியும். தமிழில் சொல் இல்லை என்பார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மாணவர்களோடு சேர்ந்து ‘இரண வைத்திய’த்தை 1867இலும் ‘மனுஷ அங்காதிபாத’த்தை 1872இலும் வெளியிட்டார். வேற்று நாட்டிலிருந்து வந்து தமிழ் படித்தவருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கிடைத்த சொற்கள், தமிழ் வீட்டில் பிறந்தவர்களுக்கு இன்று கிடைக்கவில்லையாம்.

அறிவியல் உலகப்பொதுவானது, ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்பார்கள். ஆங்கிலக் கட்டுரையை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. 1959இன் காசநோய்க் கட்டுரை தமிழில் மட்டும் வந்திருந்தால் சானடோரியங்கள் மூடப்பட்டிருக்கா. ஆனால் பிரேசிலில் 1990களின் இறுதியில் தொடங்கிய ‘சைலோ’ வலையமைப்பின் இதழ்கள் போர்த்துகீசியத்திலும் ஆங்கிலத்திலும் வெளியிடுகின்றன. ஜெர்மன் மருத்துவர்களின் ‘டாய்ச்செஸ் எர்ட்செபிளாட்’ கட்டுரைகளை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தருகிறது. காக்ரேன் ஆய்வுத்தொகுப்புகளின் எளிய சுருக்கங்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கியதும் உண்டு. இரண்டு மொழி என்பது உலகத்தில் நடக்கிற காரியம்தான்.

தமிழில் வெளியிட்டால் ‘ஏற்கெனவே பிரசுரமானது’ என்று ஆங்கில இதழ் தள்ளிவிடும் என்பார்கள். இந்த அச்சம் நேர்மையானது. பல மருத்துவர்களிடம் கேட்டிருக்கிறோம். ஆனால் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு, 1978 வான்கூவர் கூட்டத்திலிருந்து வளர்ந்துவந்த தன் விதிகளில், இரு இதழாசிரியர்களின் சம்மதத்தோடு, மூலக்கட்டுரையைக் குறிப்பிட்டு, வேறு வாசகர்களுக்காக வேறு மொழியில் மறுபிரசுரம் செய்வதை அனுமதிக்கிறது. முதலில் ஆங்கிலம், பிறகு தமிழ். விதியைத் திறந்து படித்தவர்கள் குறைவு என்பதைத் தவிர இதில் தடை ஒன்றுமில்லை.

இந்தக் கரையில் இந்தக் கோரிக்கைக்கு இன்னுமொரு நியாயம் உண்டு. புன்னைக்காயலில் இருந்த அன்றீக்கு அடிகளாரின் முயற்சியால் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானது; தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல்களின் வரிசை அதிலிருந்து தொடங்குகிறது. அந்த அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். மூச்சடக்கிச் சம்பாதித்த காசில் தமிழ் அச்சேறியது. அவர்கள் பேரர்களின் காதைப் பற்றிய ஒரு பக்கச் செய்தியைத் தமிழில் அச்சிட நமக்கு வக்கில்லை என்றால், வேறு எந்தத் தமிழ்ப்பெருமையும் பேச நமக்கு உரிமையில்லை.

கடைசியாக நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் உண்டு. ஆய்விதழைக் குறை சொல்லும் சிற்றிதழ்க்காரர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? ஆய்விதழ் பத்து நாளில் இரண்டு வரியாவது எழுதுகிறது. நம் இதழ்களில் பல, அனுப்பிய கதை வந்து சேர்ந்ததா என்றுகூடச் சொல்வதில்லை. நண்பர் எழுதினால் ஏற்பு; அறியாதவர் எழுதினால் மௌனம். ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ம் ‘கொற்கை’யும் வந்தபோது கடல் இலக்கியம் என்று கொண்டாடினோம், அந்தக் கடலின் தொழில்நோய் பற்றி ஒரு மருத்துவரைக் கேட்டு இரண்டு பக்கம் வாங்கிப் போட வேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. உப்பளத்தின் வெண்மையை எத்தனை கவிதைகளில் பாடியிருக்கிறோம்! அந்த வெண்மையின் கூசலில் நாள் முழுவதும் நிற்கும் பெண்ணின் கண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை எந்தத் தமிழ் இதழில் படித்தோம்? எழுதத் தெரிந்தவர்கள் நாம். எழுத வேண்டிய செய்தியை வைத்திருப்பவர்கள் மருத்துவர்கள். இருவரும் ஒருவரையொருவர் தேடவே இல்லை.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறோம். மருத்துவக் கல்லூரிகளின் அறநெறிக் குழுக்கள், ஆய்வுக்கு அனுமதி தரும்போதே, முடிவின் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தை ஆய்வாளர் பங்கேற்றவர்களுக்குத் தருவார் என்ற உறுதியை எழுதி வாங்க வேண்டும்; ஆய்வு முடிந்தபின் தந்தாரா என்று கேட்கவும் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வெளிவரும் சிறப்புத்துறை இதழ்கள், இம்மண்ணில் நடந்த ஆய்வுகளுக்கேனும் ஆங்கிலச் சுருக்கத்தோடு தமிழ்ச் சுருக்கத்தையும் அச்சிட வேண்டும். இதற்குச் செலவு அரைப்பக்கம். பதவி உயர்வுக் குழுவினர் பத்துக் கட்டுரைகளை எண்ணுவதை விட்டு, விண்ணப்பிப்பவர் தாமே தேர்ந்து தரும் ஒன்றிரண்டைத் திறந்து படிக்க வேண்டும். அது யாருக்கு என்ன பயன் தந்தது என்று கேட்க வேண்டும்.

நம் பங்குக்கு நாம் செய்வது: இந்தப் பக்கத்தில் அத்தகைய சுருக்கங்களுக்கு இடம் தருகிறோம். வந்ததை அப்படியே போட மாட்டோம். அத்துறை மருத்துவர் ஒருவர் படித்துப் பிழை பார்ப்பார். அத்தொழில் செய்கிறவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, புரியாத வாக்கியத்தைத் திருத்துவோம். கிடைத்த தகவலை அன்றே தெரிவிப்போம். ஏற்காவிட்டால் காரணம் சொல்வோம்.

நண்பர் தம் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருக்கிறார். கடலுக்குப் போகாத, அதே வயதுள்ள கரைத்தொழிலாளர்களின் காதுகளையும் சோதித்து ஒப்பீடு சேர்க்க வேண்டும் என்று மூத்த மருத்துவர் ஒருவர் சொன்னாராம். உண்மையான மதிப்பீடு அதுதான். இதழ் சொல்லியிருக்க வேண்டியதை ஒரு தனிமனிதர் சொன்னார். இம்முறை இந்திய இதழ் ஒன்றுக்கு அனுப்பப்போகிறார். அது எத்தனை மாதம் எடுத்துக்கொள்ளுமோ தெரியாது. தமிழ்ச் சுருக்கத்தின் முதல் படியை நேற்று நமக்கு அனுப்பிவைத்தார். ‘செவிப்பறைத் துளை’ என்று எழுதியிருந்ததை ‘காது சவ்வில் ஓட்டை’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறோம். பெரியவருக்கு முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, அவர் என்ன சொல்கிறார் என்று பார்த்து, பிறகு வெளியிடுவோம்.